ஏற்காட்டுல டெண்ட் போட்டு சமைக்க கேஸ் பர்னரா, ஸ்பிரிட் பர்னரா?

தம்பி கேட்டது இதுதான். டிசம்பர் கடைசில மூணு பேரு, நாகலூர் பக்கம் தெரிஞ்சவங்க காபி தோட்டத்துல ரெண்டு ராத்திரி டெண்ட் போட்டு தங்கப் போறாங்க, காலைல காபி, ரெண்டு வேளை சமையல், இதுக்கு கேஸ்ல எரியற குட்டி அடுப்பு வாங்கறதா இல்ல ஸ்பிரிட் ஊத்தி எரிக்கறது வாங்கறதா, ரெண்டு பர்னரையும் மாத்தி மாத்தி போடற மாதிரி ஒரு செட்டு இருக்காமே அது தேவையா, அப்படின்னு.

மொதல்லயே சொல்லிடறேன், உங்க ரெண்டு ராத்திரிக்கு கேஸ் போதும். ஸ்பிரிட் ஒரு ஆசைக்கு, அப்புறம் கேஸ் மக்கர் பண்ணா கைகாவலுக்கு. ஆனா எதை வாங்கறதுங்கறத விட முக்கியமான ஒண்ணு இருக்கு, அத புரிஞ்சுகிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். ஸ்பிரிட் பர்னர் தன்னோட சூட்ட தானே வாங்கி எரியற சாமான், சூடு அதுக்கு திரும்பி வரணும், வந்தாதான் எரியும். கேஸ் டப்பா அதுக்கு நேர் எதிர், அடுப்போட சூடு டப்பாக்கு திரும்பி போகவே கூடாது. ஒண்ண சுத்தி மூடணும், இன்னொண்ண திறந்து விடணும். இத மாத்தி பண்றவங்கதான் கைய சுட்டுக்கறாங்க, நானும் பண்ணிருக்கேன், அத பின்னாடி சொல்றேன்.

நான் சேலம் அஸ்தம்பட்டில இருந்து மேல ஏறிட்டு இருக்கறது பதினஞ்சு வருஷமா, 20 கொண்டை ஊசி வளைவையும் கண்ண மூடிட்டு எண்ணுவேன். மொத ரெண்டு மூணு வருஷம் கல்லு கூட்டி விறகுதான், மழை பேஞ்சு நனஞ்ச சில்வர் ஓக் குச்சிய ஊதி ஊதி கண்ணு செவந்ததுதான் மிச்சம், அப்புறம்தான் அடுப்பு பக்கம் வந்தேன்.

ஸ்பிரிட் பர்னர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் அழகு. பாத்தா சின்ன பித்தளை டப்பா, உள்ளங்கைல அடங்கிடும். நடுவுல ஒரு குழி, சுத்தி ரெட்டைச் சுவர், மேல் விளிம்புல ஊசில குத்துன மாதிரி வரிசையா ஓட்டை. குழில ஸ்பிரிட் ஊத்தி தீக்குச்சி வெச்சா மொதல்ல நடுவுல மட்டும் சோம்பலா எரியும், அட இதுலயா காபி போடறதுன்னு தோணும். செத்த நேரம் பொறுங்க. பித்தளை சூடாகி, ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கற ஸ்பிரிட் கொதிக்க ஆரம்பிக்கும், ஸ்பிரிட்டுங்கறது எத்தனால்ங்கற ஆல்கஹால்தான், 78 டிகிரிலயே கொதிச்சுடும், அந்த ஆவி போறதுக்கு வேற வழி இல்லாம மேல் ஓட்டை வழியா சீறி வெளிய வந்து எரியும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நீல நாக்கு, செம்பருத்தி விரியற மாதிரி ஒரே நொடில விரியும். பம்பு கிடையாது, பின்னு கிடையாது, நாசில் அடைப்பு கிடையாது. எங்க பாட்டி பம்ப் ஸ்டவ்வோட போட்ட சண்டைய பாத்து வளந்தவன் நான், எனக்கு இது அதிசயமாத்தான் இருந்துச்சு.

இந்த சாமான வெச்சு ஒரு முழு செட்டா பண்ணது ஸ்வீடன்காரங்க, ட்ராங்கியான்னு கம்பெனி, 1925ல பாத்திரம் பண்ண ஆரம்பிச்சு 1951ல இந்த அடுப்ப கொண்டு வந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் பெருசா மாறல. கீழ ஓட்டை போட்ட ஒரு அலுமினிய அடித்தட்டு, அது மேல காத்து தடுப்பு, உள்ள பர்னர், பாத்திரம் அந்த தடுப்புக்குள்ளயே இறங்கி உக்காந்துக்கும், மேல மூடியே வாணலி. அடித்தட்டுல இருக்கற ஓட்டைய காத்து வர்ற பக்கம் திருப்பி வெச்சீங்கன்னா காத்து அடிக்க அடிக்க இன்னும் நல்லா எரியும், இது விளையாட்டுக்கு சொல்லல. பர்னரும் பாத்திரமும் தடுப்புக்குள்ள இருக்கறதால சூடு அங்கயே சுத்தும், அந்த சூட்டுலதான் ஸ்பிரிட் கொதிக்குது. தடுப்ப எடுத்துட்டு அதே பர்னர வெட்டவெளில வெச்சு பாருங்க, பகோடா பாயிண்ட் காத்துக்கு தண்ணி வெதுவெதுன்னு ஆகறதுக்குள்ள ஸ்பிரிட் தீந்துடும். நம்ம ஊர்ல ஆன்லைன்ல மலிவா பர்னர் மட்டும் தனியா வாங்கி, இது வேஸ்டுன்னு சொல்றவங்க பாதி பேரு தடுப்பு இல்லாம எரிச்சவங்கதான்.

செரி, கேஸ். அதுல ரெண்டு ஜாதி டப்பா இருக்கு. ஒண்ணு நீள டப்பா, சென்ட் ஸ்ப்ரே மாதிரி, 220 கிராம் சுமாரு இருக்கும், டேபிள் மேல வெக்கற பொட்டி அடுப்புல படுக்க வெச்சு மாட்டறது. இன்னொண்ணு குண்டு டப்பா, தலைல மரை இருக்கும், அடுப்ப அதுமேலயே திருகலாம், இல்ல ஹோஸ் வெச்ச பர்னர மாட்டலாம். நீள டப்பால பெரும்பாலும் வெறும் பியூட்டேன். குண்டு டப்பால பியூட்டேனோட ஐசோபியூட்டேனோ புரோப்பேனோ கலந்து வரும். உள்ள இருக்கறது தண்ணி மாதிரி திரவம், அது கொதிச்சு ஆவியானாதான் வெளிய கேஸா வரும். பியூட்டேன் கொதிக்கறது 0 டிகிரிக்கு அரை டிகிரி கீழ, ஐசோபியூட்டேன் மைனஸ் 12 கிட்ட, புரோப்பேன் மைனஸ் 42. அதனாலதான் லடாக் போறவன் நீள டப்பா எடுத்துட்டு போனா ராத்திரில அது கல்லு மாதிரி சும்மா கெடக்கும்.

ஏற்காடு லடாக் கிடையாதுங்க, டிசம்பர் ராத்திரி 12, 13 டிகிரி, ரொம்ப போனா இன்னும் ஒண்ணு ரெண்டு கம்மி. அப்ப பியூட்டேன் வேலை செய்யுமான்னா செய்யும், ஆனா இழுத்துக்கிட்டுதான். ஏன்னா திரவம் ஆவியாகறப்ப டப்பாவோட சூட்டத்தான் எடுத்துக்கும், நம்ம கைல ஸ்பிரிட் தடவினா ஜில்லுன்னு ஆகுதே அதே கதை. பத்து நிமிஷம் ஃபுல்லா எரிச்சுட்டு டப்பாவ தொட்டு பாருங்க, பனி பூத்த மாதிரி ஈரம் கோத்துருக்கும். 12 டிகிரில ஆரம்பிச்ச டப்பா 4, 5 டிகிரிக்கு இறங்கிடும், சேலத்துல மத்தியானம் 30 டிகிரில சீறுன அழுத்தத்துல கால்வாசி கூட இருக்காது. டப்பால பாதி மிச்சம் இருக்கும், ஆனா தீ மட்டும் அகல் விளக்கு சைசுக்கு வந்துடும், உடனே டப்பா டூப்ளிகேட்டுன்னு கடைக்காரன திட்டுவோம். பாவம் அவன் ஒண்ணும் பண்ணல.

இதுக்கு வைத்தியம் சுலபம். ராத்திரி டப்பாவ போர்வைக்குள்ள பக்கத்துல போட்டு தூங்குங்க, அடுப்புல மாட்டாம வால்வு மூடி போட்டு. எரியறப்ப குண்டு டப்பாவ ஒரு தட்டுல வெதுவெதுப்பான தண்ணி, கைய வெச்சா சுடக்கூடாது அந்த அளவு, அதுல நிக்க வையுங்க. சுடுதண்ணி கூடவே கூடாது. டப்பாலயே 50 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதிருக்கும், சிலதுல 40ன்னே இருக்கும்.

இப்ப நான் பண்ண கூத்து. ஏழெட்டு வருஷம் முன்னாடி, மஞ்சக்குட்டை பக்கம், காத்துன்னா அப்படி ஒரு காத்து. குண்டு டப்பா மேல நேரா திருகற அடுப்பு, மேல பாத்திரம், தீ பக்கவாட்டுல பறக்குது, அரை மணி நேரமா டீ தண்ணி கொதிக்கல. நான் ரொம்ப புத்திசாலித்தனமா மூணு பக்கம் செங்கல் அடுக்கி, நாலாவது பக்கம் ஒரு எண்ணெய் டின் தகரத்த வளைச்சு நிறுத்தி, டப்பாவோட சேத்து மொத்தமா மூடிட்டேன். அடடா, தீ அசையாம நிக்குது, தண்ணி கும்முன்னு கொதிக்குது, நான் கால் மேல கால் போட்டு உக்காந்துட்டேன். அப்புறம் தீய கம்மி பண்ணலாம்னு வால்வுக்கு கைய உள்ள விட்டேன், விரல் டப்பா மேல பட்டுச்சு. ஜில்லுன்னு இருக்க வேண்டிய டப்பா வெந்நீர் சொம்பு மாதிரி சுடுது. மேல பாத்திரத்துல பட்டு திரும்புன சூடு பூரா செங்கலுக்குள்ள மாட்டிக்கிட்டு டப்பாவ வேக வெச்சுட்டு இருந்துருக்கு. தகரத்த கால்ல தள்ளி விட்டு, துணிய சுத்தி வால்வ மூடிட்டு, எல்லாரையும் இருபதடி தள்ளி போகச் சொல்லிட்டு நானும் போய் நின்னேன். ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு யாரும் டீ கேக்கல.

அதனால நேரா டப்பா மேல திருகற அடுப்புக்கு சுத்தி தடுப்பு வெக்காதீங்க. காத்து வர்ற ஒரு பக்கம் மட்டும், ஒரு ரெண்டடி தள்ளி, பைய நிறுத்தி மறைங்க போதும். எரியறப்ப அப்பப்போ டப்பாவ தொட்டு பாக்கற பழக்கம் வெச்சுக்கங்க, ஜில்லுன்னு இருந்தா சரி, வெதுவெதுன்னு இருந்தா யோசிங்க, சுட்டா அணைங்க.

இதே விஷயம்தான் டேபிள் அடுப்புலயும். அந்த பொட்டில டப்பா படுத்துருக்கற அறை பர்னருக்கு ரொம்ப பக்கம். நம்ம ஆளுங்க அதுமேல வீட்டு தோசைக்கல்ல தூக்கி வெப்பாங்க, கல்லு டப்பா அறை மேல வரைக்கும் நீட்டிட்டு நிக்கும், கல்லோட சூடு கீழ இறங்கி டப்பாவ சுடும். பாத்திரம் பர்னர் பக்கத்த தாண்டி டப்பா பக்கம் வரவே கூடாது. ரெண்டு அடுப்ப பக்கத்துல பக்கத்துல வெச்சு மேல ஒரு பெரிய கல்லு போட்டு பரோட்டா சுடறது எல்லாம் கேமராக்கு நல்லாருக்கும், நேர்ல வேணாம். நல்ல அடுப்புல டப்பா சூடாகி அழுத்தம் ஏறினா தானா டப்பாவ கழட்டி விடற அமைப்பு இருக்கும், வாங்கறப்ப கேட்டு வாங்குங்க. அப்புறம் நீள டப்பாவோட கழுத்துல ஒரு வெட்டு இருக்கும், மாட்டறப்ப அது மேல் பக்கம் பாத்து இருக்கணும். அப்பதான் உள்ள இருக்கற வளைஞ்ச குழாய் ஆவிய எடுக்கும், திருப்பி மாட்டினா திரவமா வந்து குப்புன்னு மஞ்சளா எரியும்.

ரெண்டு பர்னரும் போடற செட்டு பத்தி கேட்டீங்களே, அதோட சிறப்பே இங்கதான். ஸ்பிரிட் பர்னர எடுத்துட்டு அதே இடத்துல கேஸ் பர்னர மாட்டிக்கலாம், ஹோஸ் அடித்தட்டு வழியா வெளிய வந்து டப்பா ஒரு முழம் தள்ளி தனியா நிக்கும். தீக்கு முழு தடுப்பு, டப்பாக்கு முழு காத்து, ரெண்டும் ஒரே நேரத்துல. ஹோஸ் அடுப்புல சிலதுக்கு ஒரு மெல்லிசு குழாய் தீக்குள்ள வளைஞ்சு போயிட்டு வரும், கேஸ முன்கூட்டியே சூடு பண்றதுக்கு, அது இருந்தா மட்டும் குளிர்ல டப்பாவ தலைகீழா கவுத்து எரிக்கலாம், மொதல்ல நேரா வெச்சு பத்த வெச்சு ஒரு நிமிஷம் சூடானதுக்கு அப்புறம். அந்த குழாய் இல்லாத அடுப்புல கவுத்தீங்கன்னா புருவம் போயிடும். ஏற்காட்டுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையே இல்ல, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கு போறவங்களுக்கு இவ்வளவு விலைல செட்டு வேணாம், மாசாமாசம் போற என்ன மாதிரி பைத்தியத்துக்குத்தான் கட்டும்.

எவ்வளவு எடுத்துட்டு போறதுன்னு ஒரு கணக்கு போட்டுடுவோம். டிசம்பர்ல மேல குழாய் தண்ணி 15 டிகிரி கிட்ட இருக்கும், ஏற்காடு 1500 மீட்டர் உயரங்கறதால அங்க தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சுடும், சேலத்துல 99. ஒரு லிட்டர் தண்ணிய 15ல இருந்து 95க்கு கொண்டு போக 335 கிலோஜூல் வேணும். கேஸ்ல ஒரு கிராமுக்கு 46 கிலோஜூல் சுமாரு, எத்தனால்ல ஒரு கிராமுக்கு 27தான், மில்லி கணக்குல சொன்னா 21. அடுப்பு சூட்டுல பாதி பாத்திரத்துக்கு போகுது, பாதி காத்துல போகுதுன்னு வெச்சாலும் லிட்டருக்கு கேஸ் 15 கிராம், ஸ்பிரிட் 32 மில்லி. நான் அனுபவத்துல ஸ்பிரிட்டுக்கு 40ன்னே போட்டுக்குவேன், சிந்தறது, ஆவியா போறது, அணைக்க லேட் ஆகறது எல்லாம் இருக்குல்ல.

மூணு பேருக்கு ஒரு நாளைக்கு காலைல ஒரு லிட்டர், உப்புமாவுக்கு ஒண்ணு, சாயந்திரம் டீக்கு ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு, ஆக அஞ்சு லிட்டர் கொதி, அதுக்கு மேல வேக வெக்கறதுக்கு கொஞ்சம். கேஸ் ஒரு நாளைக்கு 100 கிராம், ஸ்பிரிட் கால் லிட்டர். ரெண்டு நாளைக்கு ஒரு நீள டப்பா இழுத்து புடிச்சு வரும், நீங்க ரெண்டு எடுத்துக்கங்க. ஸ்பிரிட் மட்டும்தான்னா முக்கா லிட்டர். காத்துல தடுப்பு இல்லாம எரிச்சா இந்த கணக்கெல்லாம் தண்ணில எழுதுனதுதான், ரெண்டு மூணு மடங்கு குடிக்கும்.

95 டிகிரில கொதிக்கறதால டீக்கு ஒண்ணும் ஆகாது, அரிசி கொஞ்சம் கூட நேரம் கேக்கும், துவரம்பருப்பு மட்டும் திறந்த பாத்திரத்துல வேகவே வேகாதுன்னு நெனச்சுக்கங்க. குட்டி குக்கர் எடுத்துட்டு போங்க, இல்ல பருப்ப வீட்லயே வறுத்து பொடிச்சு எடுத்துட்டு போங்க. நாங்க பருப்புப் பொடி, ஊறுகாய், செவ்வாய்ப்பேட்டைல வாங்குன தட்டுவடையோட ஒரு ராத்திரிய ஓட்டிருக்கோம், குறையே இல்ல.

தீய குறைக்கறதுல கேஸ்தான் ராஜா, வால்வ திருகுனா போதும். ஸ்பிரிட்ல ஒரு வளையம் தருவாங்க, அதுல ஒரு தகடு நகரும், பர்னர் மேல போட்டா பாதி வாய மூடி தீ குறையும். தீ எரியறப்பவே அத போடணும், கைக்கு பாத்து, இடுக்கில. முழுசா மூடிட்டு போட்டா அணைஞ்சுடும், அணைக்கறதுக்கும் அதேதான் வழி, ஊதறதெல்லாம் வேணாம். பர்னரோட மரை மூடி ஒண்ணு தனியா இருக்கும், உள்ள ரப்பர் ஓ-ரிங் வெச்சு, மிச்ச ஸ்பிரிட்ட உள்ளயே வெச்சு எடுத்துட்டு போறதுக்கு. அது ஆறுனதுக்கு அப்புறம்தான். சூட்டுல மூடினா ஓ-ரிங் உருகி ஒட்டிக்கும், அப்புறம் பை பூரா ஸ்பிரிட் வாசம்தான்.

ஸ்பிரிட்ல பெரிய ஆபத்து என்னன்னா தீ கண்ணுக்கு தெரியாது. ராத்திரில நீலமா அழகா இருக்கும், பகல்ல வெயில்ல ஒண்ணுமே தெரியாது, மேல காத்து மட்டும் கானல் மாதிரி நெளியும். கூட வந்த மச்சான் ஒருத்தன் அணைஞ்சு போச்சுன்னு பாட்டில்ல இருந்து நேரா ஊத்துனான், தீ ஊத்து வழியா பாட்டில் வாய்க்கே ஏறிடுச்சு, பயத்துல பாட்டில தூக்கி எறிஞ்சான் பாருங்க, அதுதான் இன்னும் மோசம், காஞ்ச இலை மேல நீளமா ஒரு தீக்கோடு. ஈர சாக்கு பக்கத்துல இருந்ததால அமுக்கிட்டோம், அவன் கைல முடி மட்டும் போச்சு. அதுலருந்து எங்க கூட்டத்துல ஒரு சட்டம், எரியற இடத்துக்கு பெரிய பாட்டில் வரக்கூடாது. ஒரு தடவைக்கு வேணுங்கறத சின்ன டம்ளர்ல அளந்து எடுத்துட்டு வரணும், தீந்து போச்சுன்னா அணைஞ்சுதான்னு கைய மேல உசரமா காட்டி பாத்து, பர்னர் ஆறி, கையில எடுக்க முடிஞ்சா மட்டும் திரும்ப ஊத்தணும். ஸ்பிரிட் தீக்கு ஒரு நல்ல குணம், தண்ணியோட கலந்துடும், நிறைய தண்ணி ஊத்துனா அடங்கிடும். அதனால பக்கத்துல ஒரு வாளி தண்ணி கட்டாயம்.

எந்த ஸ்பிரிட்டுங்கறதுலதான் நம்ம ஊர்ல சிக்கல். வெளிநாட்டுக்காரன் வீடியோல கடைல போய் ஊதா கலர் பாட்டில் வாங்குவான், இங்க அப்படி கிடையாது, மெத்தனாலும், குடிக்க முடியாதபடி விஷம் கலந்த ஸ்பிரிட்டும் மதுவிலக்கு சட்டத்துக்குள்ள வருது, லைசென்ஸ் இல்லாம வாங்கவோ வெச்சுக்கவோ கூடாது. இது சும்மா ஒரு கெடுபிடின்னு நெனைக்காதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, நம்ம சேலம் ஜிஎச்சுக்கே ஆம்புலன்ஸ் வரிசையா வந்துச்சு. மெத்தனால் உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் ஆசிடா மாறி கண் நரம்பதான் மொதல்ல அடிக்கும். குடிக்க மாட்டோம், எரிக்கத்தானேன்னு கேப்பீங்க, அந்த ஆவிய மூச்சுல இழுக்கறதும் கைல பட்டு தோல் வழியா போறதும் விஷம்தான், அதுவும் தண்ணி பாட்டில்ல ஊத்தி டெண்டுல வெச்சுட்டு ராத்திரி இருட்டுல யாராவது எடுத்து குடிச்சா என்ன பண்ணுவீங்க. யாராவது லேப்ல இருந்து எடுத்து தர்றேன்னு சொன்னா மெத்தனாலா எத்தனாலான்னு தெரியாம தொடாதீங்க.

மெடிக்கல் ஷாப்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும், ஆனா லேபிள படிங்க. எத்தனால் 90, 95 சதவீதம்னா நல்லா எரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்னா எரியும், சூடும் உண்டு, ஆனா மஞ்சத் தீ, பாத்திரம் பூரா அடுப்புக்கரி மாதிரி ஆயிடும், தேச்சு முடியாது. சானிடைசர் தண்ணி மாதிரி இருக்கறது, எத்தனால் 80 சதவீதம்னா அவசரத்துக்கு எரியும், முக்கி முனகி. ஜெல் சானிடைசர் பர்னர்ல ஊத்தவே ஊத்தாதீங்க, ஓட்டைல பசை கட்டிக்கும். எத்தனால்லயே லேசா கரி பிடிச்சா பத்துல ஒரு பங்கு தண்ணி கலங்க, கரி குறையும், இது அந்த ஸ்வீடன்காரங்களே சொல்றதுதான். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் இதுல ஊத்தலாமான்னு கேக்காதீங்க, அது அடுப்பு இல்ல, வெடிகுண்டு. எந்த ஸ்பிரிட்டா இருந்தாலும் தண்ணி பாட்டில்ல ஊத்தாதீங்க, வேற மாதிரி பாட்டில், மேல சிவப்பு டேப்.

கேஸ் டப்பாவ வீட்டு சிலிண்டர்ல இருந்து நிரப்பறதுக்கு ஒரு பித்தளை சாமான் விக்கறாங்க, வீடியோவும் கெடக்கு. அந்த பக்கமே போகாதீங்க. வீட்டு சிலிண்டர்ல புரோப்பேன் கலந்துருக்கு, நீள டப்பா வெறும் பியூட்டேனுக்கு பண்ண மெல்லிசு தகரம். 40 டிகிரில பியூட்டேனோட அழுத்தம் 4 பார் கூட வராது, புரோப்பேன் 13ஐ தாண்டும். சேலத்து ஏப்ரல் வெயில்ல நிறுத்தி வெச்ச கார் டிக்கில அது என்ன பண்ணும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. புது டப்பாவையே கார்ல விட்டுட்டு சாப்பிட போகாதீங்க. பத்து பேருக்கு மேல போறீங்க, காசு மிச்சம் பண்ணணும்னா பெட்ரோல் பங்க்ல 5 கிலோ சிலிண்டர் தர்றாங்க, இண்டேன்ல சோட்டுன்னு பேரு, ரெகுலேட்டரும் சாதா பர்னரும் போட்டு ஜீப்ல கொண்டு போங்க, அது முறையானது.

ட்ரெயின்ல வர்ற கூட்டாளி யாராவது இருந்தா டப்பாவ அவன் பைல போட்டு வரச் சொல்லாதீங்க, சேலத்துல வந்து வாங்கிக்கலாம். 2023 ஆகஸ்ட்ல மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வெச்ச டூரிஸ்ட் பெட்டில கேஸ் சிலிண்டர் வெச்சு டீ போட போயி 9 பேரு எரிஞ்சு செத்தது ஞாபகம் இருக்கும். பிளைட்லயும் டப்பாக்கு அனுமதி கிடையாது, பைல போட்டாலும் சரி லக்கேஜ்ல போட்டாலும் சரி.

டெண்டுக்குள்ள எரிக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு குளிர்ல கேக்க தோணும். வேணாம். கேஸோ ஸ்பிரிட்டோ மூடுன இடத்துல எரிச்சா கார்பன் மோனாக்ஸைடு வரும், வாசம் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். குளிருக்கு அடுப்ப எரிய விட்டு தூங்கறது தற்கொலைதான். கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா பள்ளத்துல போய் தேங்கும், அதனால டப்பா மாட்டறது கழட்டறது எல்லாம் வெளில, வேற தீ, சிகரெட் பக்கத்துல இல்லாம. மாட்டுனதும் மரைல சோப்பு நுரை வெச்சு பாருங்க, முட்டை விட்டா கழட்டி திரும்ப மாட்டுங்க. கையால திருகற அளவு போதும், கட்டிங் பிளேயர் எடுக்காதீங்க.

இடம் பத்தி ஒண்ணு. தோட்டத்துக்காரங்க அனுமதியோட தோட்டத்துக்குள்ள எரிக்கறது வேற, ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள எந்த அடுப்பும் கூடாது, அது சின்ன அடுப்புதானேன்னு வாதாடி பிரயோஜனம் இல்ல. குரங்கணில 2018 மார்ச்ல காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல போனாங்க, அதுக்கப்புறம் ட்ரெக்கிங் விதியெல்லாம் இறுக்கிட்டாங்க. டிசம்பர்ல மேல ஈரம் இருக்கும், ஆனாலும் சில்வர் ஓக் இலை மேலாப்புல காஞ்சு கெடக்கும், பாதம் புதையற அளவுக்கு. ஒரு ஆறடிக்கு கூட்டி தள்ளிட்டு, மண்ணு தெரியற இடத்துல ஒரு தட்டைக்கல்லு போட்டு அதுமேல வெய்யுங்க. ஸ்பிரிட் பர்னர் கவுந்தா அப்படியே ஓடும், கேஸ் கவுந்தா வால்வ மூடலாம், இலை மேல எரிக்கற ஊர்ல இதுவே கேஸ் வாங்க பெரிய காரணம். சாயந்திரம் சமையல சீக்கிரம் முடிச்சுடுங்க, காட்டுமாடு தோட்டத்துக்குள்ள சாதாரணமா வரும், பாத்திரத்த விட்டுட்டு ஓட வேண்டி வந்தா அடுப்ப அணைக்க நேரம் இருக்காது.

டப்பால எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரிய புது டப்பாவ கிச்சன் தராசுல எடை போட்டு மார்க்கர்ல டப்பா மேலயே எழுதிக்கங்க, திரும்ப எடை போட்டா கணக்கு தெரிஞ்சுடும். காலி டப்பாவ தோட்டத்து குப்பைக்குழில போட்டுட்டு வந்துடாதீங்க, அங்க இலைதழைய கூட்டி தீ வெப்பாங்க, காலின்னு நாம நெனைக்கற டப்பாக்குள்ள இருக்கற கொஞ்சூண்டு கேஸ் போதும், வெக்கற அம்மா மூஞ்சிக்கு நேரா வெடிக்கும். கீழ கொண்டாந்துடுங்க.

ஆக, ஹோஸ் வெச்ச குண்டு டப்பா அடுப்பு கிடைச்சா அது, இல்லன்னா பாதுகாப்பு அமைப்பு இருக்கற டேபிள் அடுப்பு, ரெண்டு டப்பா, ஒரு குட்டி குக்கர், ஒரு வாளி. ஸ்பிரிட் ஆசை இருந்தா காசு போட்டு வாங்க வேணாம் தம்பி, தேதிய சொல்லுங்க, அஸ்தம்பட்டி வழியாத்தானே ஏறப் போறீங்க, என் செட்டையே தர்றேன். விடியக்காலைல அஞ்சரைக்கு மூடுபனில அந்த நீலப் பூ விரியறத பாத்துட்டு கொண்டாந்து குடுங்க. ஓ-ரிங்க மட்டும் உருக்கிடாதீங்க, போன மாசம்தான் மாத்துனேன்.